வரப்பு இல்லாத வயல்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

இங்கிலாந்துக் கிராமம் ஒன்றைப் பற்றிப் பேச வேண்டும் என்று நிலையத்தார் அழைத்தபோது, ஆள் மாறிக் கேட்கிறார்களோ என்று நினைத்தேன். ஓலைக்கூரை வீடு, ரோஜாத் தோட்டம், தேவாலய மணி இதையெல்லாம் அழகாகச் சொல்ல வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் நில அளவைத் துறையில் சங்கிலி பிடிக்கத் தொடங்கி, புலப்படமும் கையுமாக ஊர் ஊராக அலைந்து ஓய்வு பெற்றவன். எனக்குத் தெரிந்ததெல்லாம் வரப்புத் தகராறு. ‘அதையே பேசுங்கள்’ என்றார்கள். சரி, வரப்பே இல்லாத ஓர் ஊரைப் பற்றிப் பேசுகிறேன்.

ஊரின் பெயர் லாக்ஸ்டன். இங்கிலாந்தின் நடுப்பகுதியில், நாட்டிங்காம்ஷரில் இருக்கிறது. ராபின் ஹூட் கதை கேட்டவர்களுக்கு ஷெர்வுட் காடு தெரிந்திருக்கும். அந்தக் காட்டுக்குக் கிழக்கே, டக்ஸ்ஃபோர்டு என்ற சிறுநகரத்துக்குப் பக்கத்தில். லண்டனிலிருந்து எடின்பரோ போகும் நெடுஞ்சாலையும் ரயில் பாதையும் சில மைல் தள்ளித்தான் ஓடுகின்றன. ஆனால் அங்கிருந்து ஊருக்குள் திரும்ப வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது. சில நூறு பேர் வாழும் ஊர். ஒரு தேவாலயம், ஒரு பப், பழைய கோட்டை இருந்த ஒரு மண்மேடு. பார்க்க அவ்வளவுதான்.

தெருவில் நடந்தால் ஒன்று கண்ணில் படும். பண்ணை வீடுகள் எல்லாம் ஊருக்குள்ளேயே, தெருவை ஒட்டி, வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொரு வீட்டுக்கும் பின்னால் ஒடுக்கமாக நீளும் கொல்லை. வயல் எல்லாம் ஊருக்கு வெளியே. ‘இதில் என்ன அதிசயம், நம் ஊரிலும் நத்தம் ஒரு பக்கம், புஞ்சை ஒரு பக்கம்தானே’ என்று நீங்கள் கேட்கலாம். நமக்கு அதிசயம் இல்லை. இங்கிலாந்தில் அதிசயம். அங்கே பெரும்பாலான விவசாயிகளின் வீடு அவரவர் நிலத்துக்கு நடுவே தன்னந்தனியாக நிற்கும். நிலத்தைச் சுற்றி முள்செடி வேலி இருக்கும். இங்கிலாந்து என்றாலே நம் மனதில் வரும் படம், பச்சைப் பசேல் என்று கட்டம் கட்டமாக வேலி பிரித்த வயல்கள்தான். அந்தக் கட்டங்கள் ஆதிகாலத்தில் வந்தவை என்று நினைத்துவிட வேண்டாம். பல இடங்களில் அவற்றுக்கு வயது இருநூறு, இருநூற்றைம்பது ஆண்டுகள்தான். அதற்கு முன்னால் நடு இங்கிலாந்து முழுக்க எப்படி இருந்ததோ, அப்படியே இன்றும் இருக்கும் ஊர் லாக்ஸ்டன்.

எப்படி இருந்தது என்று சொல்கிறேன். ஊரைச் சுற்றி மூன்று பெரிய வயல்கள். மேற்கு வயல், ஆலை வயல், தெற்கு வயல் என்று பெயர். ஆலை என்றால் காற்றாலை. வயல் என்று சொன்னாலும் நம் கணக்கில் அது வயல் இல்லை, ஒரு வெளி. இந்த மூன்றும் சேர்ந்து இன்று சுமார் 480 ஏக்கர். உள்ளே வேலி கிடையாது, வரப்பு கிடையாது. ஆனால் அது ஒருவருடைய நிலமும் இல்லை. நீளநீளமான துண்டுகளாகப் பிரிந்து, ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு குடியானவரிடம் இருக்கிறது. ஒருவருக்கே மூன்று வயலிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் துண்டுகள் இருக்கும்.

மூன்று வயலுக்கும் முறை ஒன்றுதான். முதல் ஆண்டு கோதுமை, இலையுதிர் காலத்தில் விதைப்பது. அடுத்த ஆண்டு வசந்தத்தில் விதைக்கிற பார்லியோ பயறு வகையோ. மூன்றாம் ஆண்டு தரிசு. ஒரு வயல் தரிசாகக் கிடந்தால் மற்ற இரண்டில் பயிர் நிற்கும். எந்த வயலில் என்ன பருவம் என்பதை ஊர் தீர்மானிக்கும். தனி ஆள் ‘என் துண்டில் நான் வேறு வைக்கிறேன்’ என்று கிளம்ப முடியாது. காரணம் எளிது. பழைய முறைப்படி, அறுவடை முடிந்ததும் அந்த வயல் முழுவதும் ஊர் ஆடு மாடுகள் இறங்கும். தாளையும் புல்லையும் மேயும், சாணம் போடும். ஒருவர் மட்டும் பயிரை நிற்கவிட்டால், மேய்ச்சலும் கெடும், பயிரும் போகும்.

துண்டுகளை ஏன் இப்படிச் சிதறடித்தார்கள் என்பதற்கு ஆராய்ச்சியாளர்கள் பல காரணம் சொல்கிறார்கள். மேட்டு மண்ணும் பள்ளத்து மண்ணும் எல்லோருக்கும் வர வேண்டும் என்பது ஒன்று. மழை மிஞ்சினால் பள்ளம் போகும், காய்ந்தால் மேடு போகும், இரண்டிலும் கொஞ்சம் இருந்தால் முழுக்க மோசம் போகாது என்பது இன்னொன்று. நம்மிடம் பாகப்பிரிவினையில் அண்ணன் தம்பிகள் நாலு பேரும் நஞ்சையிலும் கால் பாகம், புஞ்சையிலும் கால் பாகம், கிணற்றிலும் கால் பாகம் என்று எழுதிக்கொள்வார்களே, அந்தப் புத்திதான். உழவை ஒட்டி ஒரு விளக்கமும் உண்டு. அன்றன்று ஊர்க் கலப்பைகள் உழுது முடித்ததை வரிசையாக ஆளுக்கொரு துண்டு என்று ஒதுக்கிப் போனதால் சிதறியது என்பார்கள். எனக்கு இந்த விளக்கத்தில் தனிப் பிரியம் உண்டு. அதற்குக் காரணம் ஏக்கர்.

நம் பத்திரங்களில் ஏக்கர், சென்ட் என்று எழுதுகிறோம். ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. இது என்ன கணக்கு, யாராவது முழு எண்ணாக வைத்திருக்கக் கூடாதா என்று நினைத்திருப்பீர்கள். இந்தக் கணக்கு பிறந்தது லாக்ஸ்டன் போன்ற வயல்களில்தான். நாட்டின் கனத்த களிமண்ணை உழ எருதுகளை ஏர் ஏராகப் பூட்டுவார்கள். அத்தனை மாட்டையும் முனையில் திருப்புவது பெரும் பாடு. ஆகவே அடிக்கடி திரும்பாமல் ஒரே நீட்டாக உழுதார்கள். அந்த நீட்டு ஒரு பர்லாங், 220 கஜம். மாடு மூச்சு வாங்காமல் போகக்கூடிய தூரம். அகலம் 22 கஜம். இந்த நீளமும் அகலமும் கொண்ட துண்டுதான் ஏக்கர். ஒரு ஏர் ஒரு நாளில் உழக்கூடிய பரப்பு என்பார்கள். 1620 வாக்கில் எட்மண்ட் கன்டர் என்பவர் அதே 22 கஜத்துக்கு, 100 கண்ணிகள் கொண்ட அளவுச் சங்கிலியைச் செய்தார். பத்து சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். சென்னை மாகாணத்தில் 19ஆம் நூற்றாண்டில் பெரிய அளவில் நில அளவை நடந்தபோது வந்து இறங்கியது இந்த அளவுதான். கிரிக்கெட் பிட்சில் இரண்டு பக்க ஸ்டம்புகளுக்கும் நடுவே இருக்கும் 22 கஜமும் அதே சங்கிலிதான். ஆக, தஞ்சாவூரில் வேலி, மா, குழி என்று இருந்த பழைய நில அளவுக் கணக்கை ஓரங்கட்டியது, எங்கோ ஓர் ஊரின் களிமண்ணில் மாடு திரும்பச் சிரமப்பட்ட சங்கதி.

அந்தச் சிரமம் வேறொரு தடத்தையும் விட்டிருக்கிறது. இங்கிலாந்தின் பழைய உழவுத் துண்டுகள் நேர்கோடாக இருக்காது. இரண்டு முனையிலும் லேசாக வளைந்து, நீட்டி எழுதிய ஆங்கில ‘எஸ்’ எழுத்தைக் கண்ணாடியில் பார்த்தது போல இருக்கும். முனை வருவதற்கு முன்பே மாடுகளை ஒருபக்கமாக ஒடிக்கத் தொடங்குவார்கள். பல நூறு ஆண்டுகள் அப்படி உழுததில் நிலமே அந்த வளைவுக்கு வந்துவிட்டது. வரைபடத்தில் இந்த வளைவைப் பார்த்தால் என்னைப் போன்றவனுக்கு ஒரு கிறுக்கு. கோடு ஏன் நேராக இல்லை என்று அளவைக்காரனைத் திட்டுவார்கள். கோடு கோணலாக இருப்பதற்குப் பின்னால் இத்தனை மாடுகள் நின்றிருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

வரைபடம் என்றதும் சொல்லியாக வேண்டியது 1635ஆம் ஆண்டு வரைபடம். லாக்ஸ்டனை அப்போது விலைக்கு வாங்கி வைத்திருந்தவர் சர் வில்லியம் கோர்ட்டன் என்ற லண்டன் வணிகர். தாம் வாங்கிய நிலத்தில் யார் எங்கே எவ்வளவு வைத்திருக்கிறார்கள் என்று தெரிய வேண்டும் என்று மார்க் பியர்ஸ் என்ற அளவையாளரை வைத்து ஊரையே அளக்கச் செய்தார். படமும் வந்தது, கூடவே நம் அ-பதிவேடு போல ஒரு விவரப் பதிவேடும் வந்தது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகள், ஒவ்வொன்றும் எண்ணோடு, யார் பேரில் என்ற குறிப்போடு. அந்தப் படம் இன்று ஆக்ஸ்ஃபோர்டில் போட்லியன் நூலகத்தில் இருக்கிறது. வெறும் கோடு போட்ட படம் இல்லை. துண்டுகளுக்கு நடுவே குட்டிக் குட்டி மனிதர்களையும் வரைந்திருக்கிறார்: ஏர் ஓட்டுகிறவர், கதிர் அறுக்கிறவர்கள். எங்கள் துறையில் புலப்படத்தில் பொம்மை வரைந்தால் மேலதிகாரி மெமோ கொடுப்பார். மார்க் பியர்ஸுக்கு அந்தத் தொல்லை இல்லை போலும்.

இந்தக் கோர்ட்டனுக்கும் நம் கடற்கரைக்கும் ஒரு தொடர்பு உண்டு. அதே 1635இல் அவரும் கூட்டாளிகளும், கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போட்டியாகக் கீழ்த்திசையில் வணிகம் செய்ய மன்னர் முதலாம் சார்லஸிடம் அனுமதி வாங்கினார்கள். அடுத்த ஆண்டு அவர்கள் கப்பல்கள் கோவாவுக்கும் கர்நாடகக் கரையில் பட்கலுக்கும், அங்கிருந்து சீனத்தின் காண்டனுக்கும் புறப்பட்டன. கம்பெனி சென்னையில் இடம் வாங்கியது 1639இல். அதற்கு முந்தைய கதை இது. கப்பல்கள் ஊர் போய்ச் சேருவதற்குள் கோர்ட்டன் 1636இல் காலமாகிவிட்டார். குடும்பம் கடனில் மூழ்கியது. லாக்ஸ்டன் கைமாறி, சில ஆண்டுகளில் பியர்பான்ட் என்ற பெரும் நிலப்பிரபுக் குடும்பத்திடம் போனது. கிங்ஸ்டன் பிரபுக்கள் என்றும், பிற்காலத்தில் மேன்வெர்ஸ் பிரபுக்கள் என்றும் பட்டம் பெற்றவர்கள் அவர்கள்தான்.

இனித்தான் தகராறுக்கு வருகிறோம்.

17, 18ஆம் நூற்றாண்டுகளில் நிலப்பிரபுக்களுக்கு ஒரு கணக்குப் புரிந்தது. சிதறிக் கிடக்கும் துண்டுகளைத் திரட்டி ஆளுக்கு ஒரே இடமாகப் பிரித்து வேலி போட்டுவிட்டால், விளைச்சலும் கூடும், குத்தகையும் கூடும். பொது மேய்ச்சல் நிலத்தையும் அதோடு பிரித்துக்கொள்ளலாம். நாடாளுமன்றத்தில் ஊருக்கொரு சட்டம் என்று போட்டார்கள். 1604 முதல் 1914 வரை இப்படி 5,200க்கும் மேற்பட்ட வேலிச் சட்டங்கள். அவற்றின் கீழ் வந்தது 68 லட்சம் ஏக்கர், இங்கிலாந்தின் பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. ஊருக்கு ஆணையர்கள் வருவார்கள், அளவையாளர்கள் வருவார்கள், புதிய படம் போடுவார்கள். பெரிய நிலக்காரருக்குப் பெரிய கட்டம். சிறு குடியானவருக்குச் சிறு கட்டம். அதற்கு வேலி போடும் செலவும் அவர் தலையில். நிலமே இல்லாமல் பொது மேய்ச்சலில் ஒரு பசு, நாலு வாத்து வைத்துப் பிழைத்தவருக்கு? பெரும்பாலும் ஒன்றுமில்லை. அவர் கூலிக்குப் போனார், இல்லையென்றால் நகரத்துக்கு.

லாக்ஸ்டனிலும் இந்த வேலை 18ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் தொடங்கியது. ஊரின் ஒரு பகுதிக்கு வேலியும் போட்டார்கள். பிறகு நின்றுவிட்டது. ஏன்? ஊரில் பெரிய நிலக்காரர் ஒருவர் இல்லை, இருவர். ஒரு பக்கம் பியர்பான்ட் குடும்பம், இன்னொரு பக்கம் ஸ்கார்பரோ பிரபு. இருவர் நிலமும் துண்டு துண்டாக ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடந்தன. மாற்றிக்கொண்டால்தான் திரட்ட முடியும். எந்தத் துண்டுக்கு எந்தத் துண்டு ஈடு என்பதில் இருவருக்கும் ஒத்துவரவில்லை. ஒரு தலைமுறை இரண்டு தலைமுறை இல்லை, நூறு ஆண்டுக்கும் மேலே இழுத்தது. 1860களில் ஒருவழியாக நிலப் பரிமாற்றம் நடந்தபோது, வேலி போடும் வேகமே நாட்டில் குறைந்திருந்தது. அடுத்து 1870களில் விவசாயமே படுத்துவிட்டது. அமெரிக்கத் தானியம் மலிவாக வந்து குவிந்தது. அந்த நிலையில் யார் கைக்காசைப் போட்டு வேலி கட்டுவார்?

ஆக, லாக்ஸ்டன் தப்பியதற்குப் பழமைப் பற்று காரணம் இல்லை. மூதாதையர் முறையைக் காப்போம் என்று யாரும் கொடி பிடிக்கவில்லை. இரண்டு பணக்காரர்கள் விட்டுக்கொடுக்காமல் முறைத்துக்கொண்டு நின்றார்கள், ஊர் பிழைத்தது. வரப்புத் தகராறால் குடும்பங்கள் நாசமானதைத்தான் என் வேலையில் பார்த்திருக்கிறேன். தகராறு தீராததால் ஓர் ஊர் நிலைத்தது என்று நான் அறிந்தது இந்த ஒன்றைத்தான்.

ஆனால் தப்பியது வேறு, நடப்பது வேறு. வரப்பில்லாத வயலில் ஆளுக்கொரு துண்டு இருந்தால், ஒரு சால் பக்கத்துக்காரன் பக்கம் தள்ளி உழ யாருக்குத்தான் கை வராது? அதற்கு அவர்கள் வைத்திருக்கும் ஏற்பாடுதான் என்னை அந்த ஊருக்கு இழுத்தது. ‘கோர்ட் லீட்’ என்று அதற்குப் பெயர். நிலவுடைமைக் காலத்து ஊர் நீதிமன்றம். மற்ற ஊர்களில் கலைந்துபோனது, அல்லது ஆண்டுக்கொரு முறை அங்கி போட்டு ஊர்வலம் விடும் சடங்காக மிஞ்சியது. லாக்ஸ்டனில் அது நிஜமாகவே வேலை செய்கிறது. எவ்வளவு நிஜம் என்றால், 1977இல் இங்கிலாந்தில் நீதி நிர்வாகச் சட்டம் ஒன்று வந்து இத்தகைய பழைய மன்றங்களின் வழக்கு விசாரிக்கும் அதிகாரத்தை எடுத்துவிட்டது. கோர்ட் லீட்டுகளும் அதில் அடக்கம். ஆனால் ‘லாக்ஸ்டன் மேனரின் கோர்ட் லீட் நீங்கலாக’ என்று சட்டத்திலேயே ஊர்ப் பெயரைச் சொல்லி விட்டுவைத்தார்கள். மேனர் என்றால் பிரபு ஒருவரின் ஆளுகையில் இருந்த நிலம்.

நடைமுறை இது. விவசாயிகளிலிருந்து பன்னிரண்டு பேரும் ஒரு தலைவரும் ஜூரியாக நியமிக்கப்படுவார்கள். நவம்பர் கடைசி வியாழக்கிழமை ஜூரி நாள். அன்று கோதுமை விதைத்த வயலுக்கு எல்லோரும் கிளம்புவார்கள். கோதுமை வயலை ஏன் தேர்ந்தெடுக்கிறார்கள் என்றால், அதுதான் அப்போது புதிதாக உழுது விதைத்தது; யார் எங்கே தள்ளி உழுதார் என்பது பயிர் மறைப்பதற்கு முன் தெரியும். டிராக்டர் பின்னால் வண்டியில் மரமுளைகள். வயலைச் சுற்றி வந்து, துண்டுகளுக்கு நடுவே எல்லை பார்த்து, ஐயம் வந்த இடத்தில் முளை அடிப்பார்கள். பொதுப் பாதையை அரித்து உழுதிருக்கிறாரா, புல்வெளிக்குள் கலப்பை ஏறியிருக்கிறதா, வாய்க்காலைச் சுத்தம் செய்யாமல் விட்டாரா, எல்லாம் கணக்கில் வரும். பிறகு ஊர் பப்பில், டவ்கோட் இன் என்று பெயர், சாப்பாடு. சாப்பிட்டுக்கொண்டே யாருக்கு எவ்வளவு அபராதம் என்று பேசி முடிப்பார்கள். ஜூரியில் இருப்பவரே தப்பு செய்திருந்தால் அவருக்கும் உண்டு.

அடுத்த வாரம் அதே பப்பில் மன்றம் கூடும். நில உடையவர் சார்பாக ‘ஸ்டூவர்ட்’ என்ற அதிகாரி தலைமை வகிப்பார். ஜூரியின் குற்றப் பட்டியலை வாசிப்பார்கள். பழைய ஜூரியை விடுவித்து, அடுத்த ஆண்டு கோதுமை வரப்போகிற வயலுக்குப் புதிய ஜூரிக்கு உறுதிமொழி செய்துவைப்பார்கள். அபராதத் தொகை பெரிதில்லை. ஆனால் அண்டை அயலார் முன்னால், பீர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ‘நீ மூணு அடி தள்ளி உழுதாய்’ என்று கேட்பது சில்லறை விஷயமா? எங்கள் அலுவலகத்தில் எல்லை காட்டச் சொல்லி மனு கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் நடந்தவர்களை நினைத்துப் பார்த்தேன். இங்கே மனு இல்லை, வாய்தா இல்லை. வருஷத்துக்கு ஒரு நாள், தானாகவே வந்து பார்க்கிறார்கள்.

என் மகள் நாட்டிங்காமில் வேலை பார்க்கிறாள். அவளிடம் போயிருந்தபோது அக்டோபர் கடைசியில் லாக்ஸ்டன் போனோம். ஜூரி நாள் இன்னும் வரவில்லை. கோதுமை வயல் மட்டும் கிடந்தது. வண்டிப்பாதையில் நின்று பார்த்தால் முதலில் ஒன்றும் பிடிபடாது. ஒரே வெளி. கொஞ்ச நேரம் பார்த்தால் பிரியத் தொடங்கும். ஒரு துண்டில் பயிர் விரல் நீளம் வந்திருந்தது. பக்கத்துத் துண்டில் அப்போதுதான் ஊசி ஊசியாகத் தலை காட்டியது. ஒருவர் மண்ணை மாவு போலப் பொடித்திருந்தார்; இன்னொருவர் கட்டி கட்டியாக விட்டிருந்தார். இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு சால். அதன் தலைப்பில், முழங்கால் உயரத்துக்கு ஒரு மரமுளை, ஒரு பக்கம் சாய்ந்து. எனக்குக் கை பரபரத்தது. குத்துக்கல் நட்டுத் தொலைத்தால் என்ன, ஆண்டுதோறும் எதற்கு இந்த அலைச்சல் என்றேன். ‘அப்பா, ரிட்டயர் ஆகிவிட்டீர்கள்’ என்றாள் மகள்.

வயலுக்கு நடுவே உழாமல் விட்ட புல் பட்டைகளும் உண்டு. ‘சைக்’ என்கிறார்கள். தண்ணீர் வடியும் பள்ளங்களை ஒட்டியவை. ஈரத்தில் கலப்பை இறங்காது என்பதால் விட்டது. இந்தப் புல்லை ஆண்டுதோறும் கோடையில் ஏலம் விட்டு வைக்கோலாக அறுப்பார்கள். வரும் பணம் பொதுவில் பங்கு உள்ளவர்களுக்குப் போகும். பல நூறு ஆண்டுகளாக உழாத, ரசாயன உரம் காணாத புல்வெளி என்பதால் அதில் வளரும் காட்டுப் பூக்களுக்காக இவற்றைப் பாதுகாக்கப்பட்ட அறிவியல் முக்கியத்துவம் உள்ள இடமாக அறிவித்திருக்கிறார்கள். உழ முடியாததால் விட்டதுதான்.

தெருவில் ‘பின்ஃபோல்டு’ என்று ஒரு சிறு மதில் கட்டு இருக்கிறது. வழி தவறிப் பயிரில் இறங்கிய ஆடு மாட்டைப் பிடித்து இங்கே அடைப்பார்கள். தண்டம் கட்டினால்தான் விடுவார்கள். அடைக்கும் ஆளுக்கு ‘பிண்டர்’ என்று பதவி. நம் ஊர்களில் வயதானவர்களைக் கேட்டால் ‘மாட்டைப் பிடித்துப் பவுண்டில் போட்டுவிட்டார்கள்’ என்று கதை சொல்வார்கள். அந்தப் பவுண்டும் இந்த வழக்கத்தின் வாரிசுதான். 1871இல் கால்நடை அத்துமீறல் சட்டம் என்று எழுதி இந்தியா முழுக்கக் கொண்டுவந்தார்கள். அங்கே ஊர் தன் ஆளை வைத்து நடத்தியது, இங்கே சர்க்கார் நடத்தியது. அந்த வித்தியாசம் பெரியது என்பது என் எண்ணம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1086இல் வில்லியம் மன்னர் எடுத்த டூம்ஸ்டே கணக்கெடுப்பிலேயே ஊரின் பெயர் இருக்கிறது. ஊருக்கு வடக்கே நார்மன் கோட்டை இருந்த மண்மேடு. நாட்டிங்காம்ஷரில் இந்த வகையில் மிகச் சிறந்தது என்பார்கள். ஷெர்வுட் அரசுக் காட்டைக் காக்கும் பரம்பரை உரிமை பெற்ற கோ, எவரிங்காம் குடும்பங்கள் அங்கிருந்து ஆண்டன. கல் எல்லாம் போய்விட்டது, புல் மூடிய மேடு மிச்சம். தூய மிக்கேல் தேவாலயத்தில் எவரிங்காம் குடும்பத்தாரின் படுத்த நிலைச் சிலைகள் இருக்கின்றன; அதில் ஒரு பெண்மணியின் சிலை ஓக் மரத்தில் செதுக்கியது, அந்த மாவட்டத்திலேயே இடைக்காலத்து மரச்சிலை அது ஒன்றுதான். ஊர் எல்லையில் 1995இல் திறந்த தேசிய யூதப் படுகொலை நினைவு மையமும் இருக்கிறது. அது தனியே பேச வேண்டிய விஷயம்.

இருபதாம் நூற்றாண்டில் என்ன ஆனது என்றால், 1900களின் தொடக்கத்தில் மேன்வெர்ஸ் பிரபு துண்டுகளைச் சேர்த்துப் பெரிதாக்கினார். அதனால் எண்ணிக்கை குறைந்தது. 1635இல் இரண்டாயிரத்துக்கு மேல் இருந்தது இன்று இருநூறுக்கும் கீழே. பழமைவாதிகள் சிலர் இதற்கு வருந்துவார்கள். நான் வருந்தமாட்டேன். அகலம் குறைந்த துண்டில் டிராக்டர் திரும்பாது. அன்று பெரிதாக்கியிருக்காவிட்டால் விவசாயிகளே வேலி கேட்டிருப்பார்கள்.

1952இல் கடைசி மேன்வெர்ஸ் பிரபு ஊரை வேளாண் அமைச்சகத்துக்கு விற்றார், முறையைக் காப்பாற்ற வேண்டும் என்ற ஏற்பாட்டோடு. அமைச்சகம் முப்பது ஆண்டு வைத்திருந்தது. பிறகு கைகழுவப் பார்த்தது, கூச்சல் எழுந்தது, 1981இல் அரச நிலங்களை நிர்வகிக்கும் கிரௌன் எஸ்டேட்டிடம் போனது. அவர்களும் விற்பதாக அறிவித்து, 2020இல் தோர்ஸ்பி எஸ்டேட் வாங்கியது. தோர்ஸ்பி என்பது அதே பழைய பியர்பான்ட் குடும்ப வழியினரின் பண்ணை. சுற்றி வளைத்து வந்து, ஊர் பழைய வீட்டுக்காரர்களிடமே சேர்ந்தது. ஊரார் இதை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று பப்பில் ஒருவரிடம் கேட்டேன். ‘உடையவர் மாறுவார், வாய்க்கால் நாங்கள்தான் வெட்ட வேண்டும்’ என்றார்.

கஷ்டம் இல்லாமல் இல்லை. இந்தத் துண்டுகளை மட்டும் நம்பி இன்று யாரும் பிழைக்க முடியாது. ஒவ்வொருவரும் வேலி போட்ட தனிக் குத்தகை நிலத்தையும் சேர்த்துத்தான் பயிர் செய்கிறார்கள். மூன்றில் ஒரு பங்கைத் தரிசு முறையில் விடுவது, யந்திரங்களை ஒரு துண்டிலிருந்து இன்னொரு துண்டுக்கு நகர்த்துவது, பக்கத்துக்காரர் விதைக்கும்வரை பொறுப்பது என்று வரவில் கையைக் கடிக்கும் விஷயங்கள் பல. பண்ணைகளின் எண்ணிக்கை தலைமுறைக்குத் தலைமுறை குறைந்துதான் வருகிறது. பண்ணை குறைந்தால் ஜூரிக்குப் பதின்மூன்று பேர் தேறுவதே சிக்கலாகும். சுற்றுலாக்காரர் வந்து படம் எடுப்பதால் இது தீராது. அங்கே வாழ்ந்து உழுகிற குடும்பங்கள் இருந்தால்தான் மன்றம் கூடும். இங்கிலாந்தில் டெவனில் பிரான்டன், லிங்கன்ஷரில் ஆக்ஸ்ஹோம் போன்ற இடங்களிலும் திறந்த வயல்களின் மிச்சம் உண்டு. ஆனால் மன்றத்தோடும் ஜூரியோடும் முறை முழுக்க நடப்பது லாக்ஸ்டனில்தான்.

நேயர்கள் யாராவது அந்தப் பக்கம் போக நேர்ந்தால், பப்பின் முற்றத்திலேயே சிறு காட்சியகம் இருக்கிறது, அங்கே ஊர்ப் படம் கிடைக்கும். வயல் பாதைகளில் நடக்கத் தடை இல்லை, பயிரில் மட்டும் கால் வைக்க வேண்டாம். நவம்பரில் போனால் முழங்கால்வரை வருகிற ரப்பர் பூட்ஸ் அவசியம். அந்தச் சிவப்புக் களிமண் ஈரத்தில் செருப்போடு விடாது. நான் தோல் ஷூவில் போய், மகள் காரின் தரைவிரிப்பைக் கழுவிக்கொடுத்துவிட்டுத்தான் ஊர் திரும்பினேன்.

வணக்கம்.